எழுத்தில்லாத கட்டை

நேவா ஆறு இன்னும் உருகவில்லை.
பீட்டர்ஸ்பர்க் அச்சகத்தில் நிக்காந்தர்
கைப்பிரதியை விளக்கருகே பிடித்தான்:
துத்தநாகத்தின் கீழே
கேள்விக்குறி, அறுபத்தெட்டு.
பெயர் மறந்துபோச்சா பேராசிரியருக்கு?
இல்லையாம். இன்னும் யாரும் கண்டெடுக்கவில்லையாம்.

பிறக்காத பிள்ளைக்குத் தொட்டில், என்று முணுமுணுத்தான்.

அக்கம்பக்கமெல்லாம் இரண்டெழுத்து; கேள்விக்குறி ஒன்றே ஒன்று.
மிச்ச இடத்தைச் சும்மா விட்டால்
பக்கமே சரியும்.
மை எட்டாத உயரத்தில்
ஈயக்கட்டை ஒன்றைச் செருகினான்.

ஆறு வருஷம்.
பிரான்சில் கிடைத்துவிட்டதாம்,
உள்ளங்கைச் சூட்டிலேயே உருகுமாம்.

அவிழ்க்காமல் வைத்திருந்த பக்கத்தில்
கேள்விக்குறியைப் பிடுங்கினான், கட்டையையும்.
இரண்டெழுத்து கச்சிதமாக உட்கார்ந்தது.

கட்டையை உருக்குச்சட்டியில் போடவில்லை.
கோட்டுப்பையில் அது
பாலம் தாண்டும்வரை கனத்தது,
ஏற்கெனவே பெயருள்ள
வெறும் ஈயம்.