ஒப்பிட்டவர்

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
மேல்முறையீட்டுக்கு நகல் அடிக்கிறேன்.
அவளுக்குப் பெயர் கிடையாது.
அ.சா.2.

"அடப் பாவி, நானாடா கூப்பிட்டேன்?" என்று
கம்பியை உலுக்கிக் கத்தியவள்
தாளில் சொல்கிறாள்:
"நான் அழைத்ததால்தான் எதிரி வந்தார்
என்று சொன்னால் சரியல்ல."

தாழங்குடாவில் யார் இப்படிப் பேசுகிறார்கள்?
அன்றும் நான்தான் அடித்தேன்,
நீதிபதியம்மா சொல்லச் சொல்ல.

பதினோராம் பக்கம், டாக்டர் சாட்சியம்.
கடைசி வரி:
"குறுக்கு விசாரணை இல்லை."

அந்த நாள் எனக்குத் தெரியும்.
கெடிலம் பாலத்தைத் தொட்டு ஓடிற்று.
வக்கீல் அந்தக் கரையில்.
எதிரி தனியாக நின்றான்.
"கேள்வி உண்டா?"
ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்த்தான்.
அவ்வளவுதான்.
மழை எந்தப் பக்கத்திலும் பதிவாகவில்லை.

செய்தான் என்றுதான் நினைக்கிறேன்.
என் நினைப்புக்குக் குறியீட்டு எண் கிடையாது.
ஆனாலும் ஒரு வாய்தா,
ஒரே ஒரு வாய்தா கொடுத்திருக்கலாம்.
டாக்டரை அன்றே கேட்டு முடித்திருந்தால்
சென்னையிலிருந்து கட்டு திரும்பி வராது,
அவள் மறுபடி
அதே கம்பியைப் பிடிக்க வேண்டியிருக்காது.

கடைசித் தாள்.
அடித்தவர்: வே. தையல்நாயகி.
ஒப்பிட்டவர்:
பேனா நிற்கிறது.
எதோடு ஒப்பிட்டேன்?