காசோலையின் இடது மூலை

மாதம் பதினான்காம் தேதி
முந்நூற்று எண்பத்திரண்டு டாலர்.
எழுதுவது நான்.
ராய்ஸ் கையெழுத்துப் போடுவதோடு சரி.
இந்த வீட்டில் பற்று வரவு பார்ப்பவள்
நடீன் ஹால்க்விஸ்ட்.

காசோலையின் கீழே, இடது மூலையில் ஒரு கோடு,
எதற்காக என்று எழுத.
மின்சாரம் என்று எழுதியிருக்கிறேன்,
டிராக்டர் டயர் என்று எழுதியிருக்கிறேன்.
இதற்கு மட்டும்
பேனா அங்கே போய் நின்றுவிடும்.

எட்டு வருடம் முன்னால், பிப்ரவரி.
லியானின் சமையலறை மேஜை.
கோரின்னா தட்டச்சு செய்த ஒரே பக்கம்:
உரிமை இல்லை, கடமை இல்லை,
எக்காலத்திலும் இல்லை.
அவர்கள் இருவர், ராய்ஸ்,
சாட்சிக்கு நான்.
பிறகு பீச் பை சாப்பிட்டோம்.

மறுவாரம்
மூடி போட்ட ஒரு தயிர் டப்பா.
வெளியே மைனஸ் இருபது.
குளிரில் செத்துவிடக் கூடாதென்று
கோட்டுக்குள்ளே, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
பதினெட்டு மைல் நானே ஓட்டினேன்.
ராய்ஸுக்கு வெட்கம், வரவில்லை.
அந்த அரைமணி நேரம் நான் சுமந்தது
எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

லியான் வழக்குப் போடவில்லை.
கோரின்னா பிரிந்து போய்,
முதுகு போய், கிடங்கு வேலை போய்,
உதவித்தொகைக்கு ஒரு படிவம் நிரப்பினாள்.
தந்தை பெயர் என்று ஒரு கட்டம்.
காலியாக விட்டால் பணம் வராது.
எழுதினாள்.
அன்றிரவு போனில் அழுதாள்.
நான் கேட்டுக்கொண்டிருந்தேன்,
அடுப்பில் ஏதோ தீய்ந்தது.

ஐந்து வருடம் அந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிட்ட
கோரின்னாவை யாரும் கூப்பிடவே இல்லை.
சட்டத்துக்கு அவள் வழிப்போக்கி.

நீதிபதி கேட்டது ஒரே கேள்வி:
மருத்துவர் இருந்தாரா?
நாங்கள் எல்லாரும் விவரம் தெரிந்தவர்கள், என்றான் ராய்ஸ்.
மருத்துவர் இருந்தாரா?

ஒரு வெள்ளை அங்கி கை வைத்திருந்தால்
கொடையாளி.
தயிர் டப்பா என்றால்
தகப்பன்.

எங்கள் வக்கீல் அந்தப் பக்கத்தை நீட்டினார்.
நீதிபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.
கோபமில்லாத குரல்.
"நான்கு கையெழுத்து இருக்கிறது.
யாருடைய சோற்றை விட்டுக்கொடுத்தீர்களோ
அந்த ஆளின் கையெழுத்து எங்கே?"
"அப்போது பிறக்கவில்லையே, ஐயா."
"அதைத்தான் கேட்கிறேன்."

பழைய பாக்கி ஆறாயிரத்துச் சொச்சம்.
பிள்ளை நமக்குக் கட்டுப்படியாகாது என்று
இதே நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்து
வேண்டாமென்று முடிவு செய்தவர்கள் நாங்கள்.
அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது,
பென்சிலில்.

கடன் என்றால் கடன், என்கிறான் ராய்ஸ்.
அதற்குமேல் பேசமாட்டான்,
பட்டறைக்குப் போய்விடுவான்.

காப்பீட்டில் அவள் பெயரையும் சேர்த்தோம்.
அப்போதிருந்துதான் பில்கள் வருகின்றன.
தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்,
அது வாங்கியவருக்குச் சொன்னது.
கொடுத்தவர்கள் எங்களுக்குப் பல் கணக்கு தபாலில் வருகிறது:
கீழ்வரிசை, பால்பல் இரண்டு, பிடுங்கியது,
நாற்பது டாலர்.

செப்டம்பரில் கண்ணாடி.
இடது கண் மைனஸ் இரண்டே கால்.
ராய்ஸுக்கும் இடது கண்தான் மோசம்.
எவ்வளவு என்று
அவன் பழைய சீட்டை நான் எடுத்துப் பார்க்கவில்லை.
ஃப்ரேம்: பச்சை.
பச்சையை யார் பிடிவாதமாகக் கேட்டது
என்று பில்லில் இல்லை.

இன்று பதினான்கு.
தீர்ப்பு நகலை எடுத்து
எழுத்துக் கூட்டிச் சரிபார்த்தேன்,
கடைசியில் இரண்டு டி.
அந்தக் கோட்டில் எழுதினேன்:
மாரிட்.

ராய்ஸ் பூட்ஸை மாட்டிக்கொண்டே கையெழுத்திட்டான்.
பார்த்தானா, தெரியாது.
"இன்னும் எத்தனை மாதம்?" என்றான்.

நூற்று இருபத்தொன்று என்றேன்,
நோட்டைத் திறக்காமலே.