முந்நூற்று முப்பது வாட்

பிராம்ப்டன் கடையில் பெடியன் கேட்டான்:
மகனுக்கோ?
எனக்கு மகன் இல்லை.
எனக்குத்தான்.

என்ன விளையாடுவீங்கள்?
சொல்ல வெட்கமாய் இருந்தது.
லொறி ஓட்டுவன்.
வேலை என்ன செய்யிறீங்கள்?
அதுவும் லொறிதான்.

அவன் சிரிக்கவில்லை. நல்ல பெடியன்.
நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில்
கஜவதனன் என்ற பெயர்
இடம் போதாமல் கஜவோடு நின்றிருந்தது.

மேசையில் ஏழு மடிக்கணினிகள்
வாய் பிளந்து கிடந்தன.
ஒன்றின் விசைப்பலகை முழுக்க
சிவப்பு, ஊதா, பச்சை,
ஏதோ தேர்த்திருவிழாவுக்கு வெளிக்கிட்ட மாதிரி.
பக்கத்தில் ஒரு கறுப்பு. சத்தம் சலார் இல்லை.
அதைத் திருப்பி முதுகைத் தடவினேன்.
காற்றுப் போகும் வாய் அகலம்.
குதிரைவலுவை எவனும் சொல்லுவான்.
நான் ரேடியேட்டரைப் பார்த்து வண்டி எடுக்கிறவன்.

பெடியன் அடுக்கிக்கொண்டு போனான்,
கிராபிக்ஸ் அட்டை, நினைவகம் முப்பத்திரண்டு,
திரை நொடிக்கு இருநூற்று நாற்பது தரம் மாறுமாம்.
பதின்மூன்று மணித்தியாலம்
வெள்ளைக் கோட்டை முழுங்கின கண்
அதில் பாதியைக் கண்டாலே பெரிய காரியம், தம்பி.

எல்லாத்திலும் பலமானது இதுதான் அண்ணை
என்று அதன் சார்ஜரைக் கையில் வைத்தான்.
செங்கல்.
அடியில் பொடி எழுத்து: முந்நூற்று முப்பது வாட்.

என்ர கபினில் இருக்கிற இன்வெர்ட்டர் முந்நூறு.

மாத்தலாமே என்றான்.
கம்பனி வண்டி, ஓர் ஆணி கழட்ட ஏலாது என்றேன்.
பிறகு கொஞ்ச நேரம் அந்தச் செங்கலைப் பிடித்தபடி நின்றேன்.
என்ர கலியாணமும்
இப்படி ஏதோ ஒரு முப்பது வாட்டிலதான்
நின்று போனது.

கறுப்பைக் காட்டி, இது எவ்வளவு குடிக்கும்?
இருநூற்று முப்பது.
பாரம்?
இரண்டரைக் கிலோ.
நாற்பது தொன் இழுக்கிறவன்
இரண்டரைக் கிலோவை இரண்டு தரம் தூக்கிப் பார்த்தேன்.
விலையை ஒரு தரம்தான் பார்த்தேன்.
வரி வேற பதின்மூன்று வீதம்.
கார்டை நீட்டும்போது
குர்ஜந்த் போன கிழமை கேட்டது காதில் விழுந்தது:
பகல் முழுக்க ஓட்டினது காணாதோ, உனக்கு விசரோ?
அவன் பஞ்சாபியில் கேட்டான்.
விசர் நான் போட்டது.

வாவா. மைனஸ் முப்பத்தொன்று.
இரவு தரிப்பிடத்தில் நாற்பது லொறிகள்
எஞ்சின் அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தன.
படுக்கையில் சம்மணம் கொட்டி
மடியில் திறந்தேன்.
எந்த ஊர்க்காரனோ, சம்பளமும் இல்லாமல்,
சுப்பீரியர் ஏரிப் பாதையை
ஊசியிலை மரம் ஊசியிலை மரமாய்க் கீறி வைத்திருக்கிறான்.
வெயில்கூட வைத்திருக்கிறான்.

இடப்பக்கம் ஒரு மண் ஒழுங்கை
ஏரியை நோக்கி இறங்கும்.
பதினொரு வருஷமாய் ஒவ்வொரு கிழமையும் கடக்கிறேன்.
ஐம்பத்து மூன்றடி வாலோடு
அதில் திரும்புகிறவனுக்கு லைசன்ஸ் மிஞ்சாது.

சிக்னல் போட்டேன். திரும்பினேன்.
ட்ரெய்லர் ஒரு மரத்தை உரசியது, தண்டமில்லை.
விசிறிகள் இரைந்தன.
மடி சுட்டது, பரவாயில்லை, கால் குளிரில் விறைத்திருந்தது.

இறக்கத்தின் முடிவில்
அந்தரத்தில் சிவப்புப் புள்ளடிகள்.
அதற்கு மேல் அவன் கீறவில்லை.
அங்கால் ஏரி கிடந்தது.
அலை மட்டும் வைக்க மறந்திருந்தான்,
அல்லது அவனுக்கும் விடிய வேலை இருந்திருக்கும்.

ரிவேர்ஸ் எடுக்க முக்கால் மணித்தியாலம்.
ஒரு கீறல் படவில்லை.
இதைப் பார்க்க ஒருத்தரும் இல்லையே என்று
சத்தமாய்ச் சொன்னேன்.

மூடும்போது கவனித்தேன்,
கணினி விட்ட சூட்டுக் காற்றில்
சன்னல் உறைபனி உருகி
ஒரு சதக்குற்றியளவு ஓட்டை.
அதற்குள்ளால் குர்ஜந்தின் கபின்.
திரைச்சீலை விளிம்பில் நீல வெளிச்சம்
துடித்துத் துடித்து மாறிக்கொண்டிருந்தது.

அவன் எதை ஓட்டுகிறானோ.