இழவு வீட்டுக்கு ஒரு ஆப்பிள் கேக்

யூஜீன்,
நீ செத்த செய்தி வந்தபோது
நான் மாடுகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தேன்.
"வெறுங்கையோடு போகாதே" என்றாள்
தொலைபேசியில் என் தங்கை கன்செப்டா.
"சாண்ட்விச் ஊரே கொண்டுவரும்.
நீ கேக் செய்."

ஐம்பத்தெட்டு வயதில்
முதல் கேக்.
அதுவும் உனக்கு.

குளிர்ந்த வெண்ணெயை மாவில் போட்டு
விரல் நுனியால் உதிர்க்க வேண்டுமாம்.
உள்ளங்கை பட்டால் சூடு ஏறிவிடுமாம்.
என் கையில் நுனி என்று தனியாக எதுவும் இல்லை,
எல்லாமே உள்ளங்கைதான்.
ரொட்டித் தூள் போல வரும் என்றாள்.
மரத்தூள் போல வந்தது.
போகட்டும், மரத்தூள் எனக்குத் தெரிந்த பொருள்.

ஆப்பிள், பிராம்லி.
பச்சையாய்க் கடித்தால் காதுவரை புளிக்கும்.
கைக்கு எட்டிய கிளையில் பறித்தவை.
எட்டாத கிளைகள் இந்த வருடமும்
காயோடு அப்படியே நிற்கின்றன.
ஏன் என்று உனக்குத் தெரியும்.
என் ஏணி உன்னிடம்.

ஒன்பது வருடம், யூஜீன்.
"சனிக்கிழமை தருகிறேன்" என்றாய்.
எந்தச் சனிக்கிழமை என்று நான் கேட்கவில்லை.
கேட்காமலே கோபித்துக்கொண்டேன்.
தேவாலய வாசலில் நீ தொப்பியைத் தொடுவாய்,
நான் வானத்தைப் பார்ப்பேன், மழை வருமா என்று.
அர்மாவில் அதற்கு
அண்ணாந்து பார்க்க வேண்டியதே இல்லை.

கிராம்புத் தூள் ஒரு சிட்டிகை.
என் சிட்டிகை பெரிது.
மேலே சர்க்கரை, தாராளமாக.
ஐம்பது நிமிடம்
அடுப்புக் கண்ணாடி முன் நாற்காலி போட்டு
கன்று ஈனும் பசுவுக்குக் காவல் இருப்பதுபோல
உட்கார்ந்திருந்தேன்.

கத்தி சுத்தமாகத்தான் வெளியே வந்தது.
நடுவில் மட்டும் ஒரு பள்ளம்.

தட்டின் அடியில் பிளாஸ்திரி ஒட்டிப்
பெயர் எழுத வேண்டும்.
இல்லையென்றால் தட்டு திரும்பி வராது.
பேனாவைத் திறந்தவன்
வெகுநேரம் எழுதவில்லை.
பிறகு எழுதினேன்.
தட்டு கன்செப்டாவுடையது.

முன் இருக்கையில் வைத்தேன்.
பெல்ட் போடும்வரை கார் கத்தியது,
கேக்கை ஓர் ஆள் என்று நினைத்து.

பிலோமினா வாசலிலேயே வாங்கிக்கொண்டாள்.
"மாலக்கி, நீயா செய்தாய்?"
அழுத கண்ணோடு பள்ளத்தைப் பார்த்தாள்.
"கஸ்டர்டு ஊற்றினால் தெரியாது."

உள்ளே நீ, பழுப்பு நிறக் கோட்டில்,
விரல்களில் ஜெபமாலை சுற்றி.
எப்போதும் போல
ஒருவருக்கொருவர் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

கொட்டகைச் சுவரோரம் படுத்திருந்தது என் ஏணி.
பதினாறு அடி.
உடைந்திருந்த நான்காம் படிக்குப்
புதுக் கட்டை போட்டிருந்தாய்.
புதுசு என்றாலும் கருத்துவிட்டது, எப்போதோ போட்டது.
அந்தக் கனத்தை ஒற்றை ஆளாய்த் தூக்க முடியாது.
ஒரு முனையை நானும்
ஒரு முனையை நீயுமாகத்தான்
அன்றைக்குக் கொண்டுவந்தோம்.

உன் மகன் ஃபெர்கல் பக்கத்தில் வந்து நின்றான்,
கையில் கேக் துண்டு.
"நாளைக்கு அப்பாவைத் தூக்க
ஒரு தோள் குறைகிறது."
சரி என்றேன்.
வாயில் இருந்ததை மெதுவாக விழுங்கினான்.
"கிராம்பு கொஞ்சம் தூக்கல்" என்றான்.