சேதாரம்

பஞ்சால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும்.
மிளகளவு பசை.
தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மணலாய் உதிரும்.
அழுத்தி வைத்தால் தோலாய்ப் படியும்.
அரை மணி நேரம் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது,
பேசக் கூடாது.
கடைசியாகச் சொன்னதை மட்டும்
மருந்துக்கடைப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

கீழுதட்டின் உள்ளே, இடப்பக்கம்,
ஊதுகுழல் உட்காரும் அதே இடத்தில்
வந்திருக்கிறது இந்த மாதத்தது.
வெள்ளை நடு, சிவப்பு விளிம்பு.
கொலுசு முத்தைவிடச் சின்னதுதான்.
ஆனால் நாக்குக்கு அதைத் தொட்டுப் பார்ப்பதைத் தவிர
வேறு வேலை கிடையாது.

பனங்காட்டுப் பட்டறையில்
பொடி வைத்து ஊதுகிறவர்கள் ஏழு பேர்.
பொடி வைத்துப் பேசுகிறவர்
கணக்குப்பிள்ளை ஒருவர்.

ஜோதிமணி தேங்காய்ப்பால் என்பாள்.
டீ கொண்டுவரும் சையத் மாசிக்காய் என்பான்.
போன தடவை ஊதா மருந்து;
இரண்டு நாள், நாவற்பழம் திருடித் தின்றவளின் வாய்.
அதற்கு முந்தின தடவை
நர்சிங் படிக்கும் தங்கை மகள்
மரத்துப்போகும் ஜெல் கொடுத்தாள்.
மரத்தது. கூடவே நாக்கு நுனியும் மரத்து,
குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டேன்.

தைலிதான் பொரித்த வெங்காரத்தைத்
தேனில் குழைத்துக் கொண்டுவந்தாள்.
வெங்காரம்!
காலையிலிருந்து அதைத்தானே
கண்ணிக்குக் கண்ணி தொட்டு வைக்கிறேன்?
வெள்ளி ஒட்டுகிறதில்லையா, தோலும் ஒட்டும் என்றாள்.
விழுங்கிடாதே என்றாள்.
ஒட்டவில்லை.
ஊதியது போலவே எரிந்தது.

சனிக்கிழமை. கூலி நாள்.
பசை வைத்துப் பன்னிரண்டு நிமிடம்.
பச்சியப்பன் நோட்டோடு வந்து நின்றார்.
“மாதம்மா, ஒன் கணக்குல மூணு கிராம் இடிக்குது.
சேதாரத்துல எழுதி
கூலியில கழிச்சுக்கறேன். சரிதானே?”
நான் உதட்டை மூடியிருந்தேன்.
மூடிய வாய்க்கு அவரிடம் ஒரே அர்த்தம்.
பேனா மூடியைக் கழற்றினார்.

மருந்துக்கு இன்னும் பதினெட்டு நிமிடம் பாக்கி.
கட்டைவிரலால் வழித்துச் சுவரில் தேய்த்தேன்.
“தராசு எங்க?” என்றேன்.
அதில் வலி இல்லை.
“மூணு கிராமும் பொடி டப்பாவுல இருக்கு,
போட்டுப் பாருங்க” என்றேன்.
அப்போதுதான் தெரிந்தது,
மகரத்துக்கும் பகரத்துக்கும்
உதடு எத்தனை தடவை உதட்டைத் தொடுகிறது என்று.
ஒவ்வொரு தொடலும் ஒரு ஊதல்.

நிறுத்தார்கள். இரண்டு கிராம் எண்ணூறு.
மிச்ச இருநூறு மில்லியைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும்.
ஜோதிமணி ஊதுவதை நிறுத்திவிட்டுத்
தன் டப்பாவை ஒருதரம் குலுக்கிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை செவ்வாய்ப்பேட்டை, பல் டாக்டர் ஹெப்சிபா.
தீக்குச்சி போல ஒரு குச்சி, சாம்பல் நுனி.
“சுருக்குன்னு இருக்கும்.
வலி அடங்கும். சீக்கிரம் ஆறும்னு சொல்லமாட்டேன்,
அது தன் பத்து நாளை எடுத்துக்கும்.
மூணு வாரம் தாண்டினா மட்டும் விடாதீங்க, வாங்க.
அடிக்கடி வர்றதுக்கு ரத்தம் பார்ப்போம்.”
இது என்ன மருந்து என்று கண்ணால் கேட்டேன்.
“வெள்ளிதாங்க. வெள்ளி உப்பு.”
சிரிக்க முடியவில்லை,
வாயில் பஞ்சு.

பகலில் வெளுத்த புண்
பட்டறைக் கண்ணாடியில் பார்க்கையில்
கறுக்கத் தொடங்கியிருந்தது,
பெட்டியில் கிடந்த கொலுசு போல.

வேலை விட்டதும் எல்லாரும் வரிசையில் நின்றோம்.
கையை விரித்து உதறி,
நகக்கண்ணைத் தட்டி,
முந்தானையைத் தட்டின் மேல் உதறி,
ஒரு துகள் இல்லை என்று காட்டினேன்.

வாயைத் திற என்று
யாரும் கேட்கவில்லை.