இரண்டு வாளித் தண்ணீர்

ஒரு வாளியில் கோப்பாய்க் கிணற்றுத் தண்ணீர்.
மற்றதில், சித்திரை வெயில் வற்றவைத்த
பண்ணைக் கடலின் உவர்.
மீன்தொட்டி மோட்டார் இரவு முழுக்க
இரண்டுக்கும் காற்று ஊதியது.
காலையில் மீட்டரின் மின்வாயை இறக்கினேன்.
இங்கேயும் நூறு, அங்கேயும் நூறு.

பிறகு போத்தலில் பிடித்தேன்.
மங்கனீசு விட்டு, கபிலமாய்ப் படியவிட்டு,
அமிலத்தில் கரைத்து, அளவியின் கீழ் வைத்தேன்.
மாப்பொருளின் நீலம் கலைந்த துளியில்
கிணறு ஏழரை என்றது.
கடல் ஆறைத் தொடவில்லை.

மூன்று தரம் நியமித்தாயிற்று. பிழை கையிலில்லை.
எத்தனை பேர் என்று எண்ணுகிறது போத்தல்.
மின்வாய் கேட்பது வேறு:
வெளியேற எவ்வளவு துடிக்கிறாய்?

உப்புக்கு இது மறுவளம்.
சோடியத்தைச் சுற்றிக் குளோரைட்டு,
அதைச் சுற்றிச் சோடியம்,
ஆளையாள் பிடித்த பிடியில்
நூறு பேர் நின்றும்
நடப்பது அறுபத்தைந்து பேரின் வேலை.
அந்த அறுபத்தைந்துக்குத்தான் தொழிற்பாடு என்று பெயர்.

நேற்றுக் குருநகரில் சங்கக் கூட்டம்.
கடலட்டைப் பண்ணைக்கு
இன்னுமொரு துண்டுக் கடல் விடுவதா என்று.
நான் ஒட்சிசன் அளவு சொல்லப் போயிருந்தேன்;
யாரும் கேட்கவில்லை.
வரவுப் புத்தகத்தில் அறுபது கையெழுத்து.
மச்சானைப் பார்த்துக் கை தூக்கியவர்,
சம்மாட்டியைப் பார்த்து அதை இறக்கியவர்,
கடன் தந்தவன் பக்கத்துக் கதிரையில் என்பதால்
வெறுமனே இருமியவர்.
எண்ணிப் பார்த்தேன். நாற்பதுகூட இல்லை.

எமில்டா வாசலில் நின்றாள்.
எந்தப் பக்கத்து ஏற்றமும் இல்லாதவள்.
கதிரையெல்லாம் கூட்டம் கூட்டமாய்
ஆட்கள் பிடித்துவிட்டார்கள்.
"என்ர நண்டுவலை அதுக்குள்ளதான் கிடக்கு.
எங்கை கொண்டுபோய் விட?"
பதில் வருமுன் போய்விட்டாள்.
அதன்பிறகு மண்டபத்தில்
யாரும் கை தூக்கவில்லை, கொஞ்ச நேரம்.

கூட்ட அறிக்கையில்
'சமுகமளித்தோர்: அறுபது' என்றிருக்கிறது.
அவள் கையெழுத்து வைக்கவில்லை.

எனது படிவத்திலும் ஒரேயொரு கட்டம்.
இரண்டு எண்ணையும் நெருக்கி எழுதினேன்,
திருப்பி அனுப்புவார்கள் என்று தெரிந்தே.

வாளியை ஊற்றப் போனபோது
கடல்நீரின் ஓரச் சுவரில் பொடிக் குமிழ்கள்.
வெயில் ஜன்னலால் ஏற ஏற
ஒவ்வொன்றாய்ப் பிடியை விட்டன.