கல் எடை கழித்து

பொய்யென்று பெரிதாக எதையும் சொல்லிவிடவில்லை.
நேர்முகத் தேர்வில் கேட்டார்கள், அப்பா என்ன செய்கிறார் என்று.
ஜவுளி, என்றேன்.
கவ்வாத்துக்குப் போகையில் இடுப்பில் கட்டும் சாக்கும்
யாரோ நெய்ததுதானே.

முகவரி கண்டி. நண்பனின் அறை,
இரண்டு வாரம் தங்கியிருக்கிறேன்.
மீதியை மற்றவர்களே நம்பிக்கொண்டார்கள்.
நான் திருத்தவில்லை, அவ்வளவுதான்.
தேத்தண்ணி வேண்டாம், காப்பி என்று சொல்லப் பழகினேன்.
கொழுந்து லொறி வீதியில் போனால்
சுற்றுலா வந்தவன்போல் ஒரு கணம் பார்த்துவிட்டுக்
குனிந்துகொள்வேன்.

நுவரெலியாவில் பனி விலகாத ஒரு செவ்வாய்.
அடகுப் பிரிவு, மூன்றாம் இலக்கம்.
செவனம்மா வந்தாள்.
சேலைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர்,
தியாகுவினுடையது. முழங்கைத் தையலை எனக்குத் தெரியும்.
ஒரே பீலியில் குளித்தவர்கள் நாங்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
கழுத்துப்பட்டியும் பெயரட்டையும் நானும்.
அவள் கண் என் முகத்தில் ஏறி, நின்று,
இறங்கிவிட்டது.
"வணக்கமுங்க ஐயா."

ஐயா!
என் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டவள்.

முகவரி கேட்டேன். கேட்டுத்தான் ஆகவேண்டும், படிவம்.
"ஊசிமலைத் தோட்டமுங்க."
பக்கத்து மேசையில் விஜேகோன் மாத்தயா
பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.
"அது எங்கே இருக்கு?"
என் குரல்தான். தடங்கலே இல்லை.

"தூரமுங்க. ஒங்களுக்குத் தெரியாது."

இரண்டு வருடமாக நான் சம்பளத்துக்குப் பார்க்கும் வேலையை
ஒரு நிமிடத்தில், கூலி வாங்காமல்,
என்னைவிட நன்றாகச் செய்துவிட்டாள்.

தோடுகளைத் தட்டில் வைத்தாள்.
இடது தோட்டில் ஒரு கல் வெறும் கண்ணாடி.
அசல் கல் கானில் விழுந்த அன்று
பொழுது சாயும்வரை சேற்றைத் துழாவியவர்கள்
தியாகுவும் நானும்.
கல் எடையைக் கழித்துத்தான் தங்கம் மதிப்பிட வேண்டும்.
கழிக்கவில்லை நான்.
அந்த நேரம் அது எனக்கு
ஒரு பெரிய மனசுபோலத் தெரிந்தது,
வங்கியின் காசில்.

அவள் ரசீதைப் பார்த்தாள். காசைப் பார்த்தாள்.
"கல்லு எடய கழிக்கலீங்களா?
போன தடவ கழிச்சாங்களே."
பிறகு, விஜேகோனுக்குக் கேட்காத சின்னக் குரலில்:
"கணக்குப் பாக்குறப்ப ஒங்களுக்குத்தானே கரச்சல்."

கழித்தேன்.
மூவாயிரத்து இருநூறு குறைந்தது.

நோட்டுகளை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு
கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று
தெரியாமல் நின்றாள்.
எழுந்துபோய்த் திறந்திருக்கலாம். ஐந்தெட்டு தூரம்.
காவலாளி திறந்தான்.

பத்தரைக்குப் பையன் வந்தான்.
"காப்பிதானே, சேர்?"
காப்பிதான்.

படிவத்தைக் கோப்பில் இடும்போதுதான் கண்டேன்,
ஊசிமளை என்று எழுதியிருக்கிறேன்.
தெரியாதவன் எழுதுவானே, அப்படி.
வேண்டுமென்றே எழுதினேனா,
கை தானாகவே கற்றுக்கொண்டுவிட்டதா, சொல்லத் தெரியவில்லை.

இங்கே வெள்ளை மை பூசக்கூடாது.
பிழையைக் கோடிட்டு வெட்டி, சரியானதை மேலே எழுதி,
அருகில் கையெழுத்திட வேண்டும்.
முழுப் பெயர்,
தகப்பன் பெயரோடு.